மலிவாக ஒரு கைபேசி: மிச்சம் எவ்வளவு, இழப்பு எவ்வளவு?

கைபேசி உடைவதற்கு உகந்த வேளை என்று ஒன்று இல்லை. எனினும் நமது கைபேசி தேர்ந்துகொண்ட வேளை மிகவும் பொல்லாதது. தில்லிக் கிளையொன்றில் நாம் பணியாற்றி வந்த காலம் அது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, மெட்ரோ நிலையப் படிக்கட்டில் அது கையிலிருந்து நழுவி ஏழெட்டுப் படிகள் உருண்டது. எடுத்துப் பார்த்தபோது திரை முற்றிலும் கறுத்திருந்தது. பழுது பார்ப்பவர் கேட்ட தொகையோ, அக்கைபேசியின் அன்றைய மதிப்பில் பாதிக்கும் மேல். ஆகவே மாற்றுக் கைபேசி ஒன்றை வாங்குவதென்றும், அதையும் இயன்றவரை மலிவாக வாங்குவதென்றும் முடிவு செய்தோம்.

வணிகவியல் பயின்று, பல்லாண்டுகளாகப் பிறர் பணத்தைப் பைசா பிசகாமல் எண்ணிப் பழகிய நமக்கு, சொந்தப் பணம் என்றால் கூடுதல் கவனம் வருவது இயல்புதானே? மறுநாள் இரண்டாவது சனிக்கிழமை, வங்கி விடுமுறை. நேரு பிளேஸ் முழுவதும் சுற்றினோம். ஞாயிறன்று கரோல்பாக் சென்று கஃபார் சந்தையில் கடை கடையாக ஏறி இறங்கினோம். வீடு திரும்பி, மனைவியின் கைபேசியில் இணைய அங்காடிகளின் விலைகளை ஒப்பிட்டோம். இறுதியில் திங்கட்கிழமை மாலை, கிளைக்கு அருகிலிருந்த கடையிலேயே, முதலில் சொன்ன விலையிலிருந்து 700 ரூபாய் குறைத்து ஒரு கைபேசியை வாங்கினோம். வெற்றிக் களிப்புடன் வீடு சேர்ந்தபோதுதான் நினைவுக்கு வந்தது: மகளின் பள்ளிக் கட்டணத்தைச் செலுத்துவதற்கான இறுதி நாள் ஞாயிற்றுக்கிழமை. தாமதக் கட்டணம் 500 ரூபாய். இரு நாள் அலைச்சலில் பயணத்துக்கும் தேநீருக்கும் ஆன செலவு 160 ரூபாய். ஆக, மூன்று நாள் பேரத்தின் நிகர இலாபம் 40 ரூபாய்.

பள்ளிக் கட்டணத்தைச் செலுத்த நமக்குத் தேவைப்பட்டது புதிய கைபேசியன்று. ஒருமுறைக் கடவுச்சொல்லைத் தாங்கி வரும் ஒரு குறுஞ்செய்தி மட்டுமே. உடைந்த கைபேசியிலிருந்து சிம் அட்டையைக் கழற்றி, வீட்டு இழுப்பறையில் கிடந்த பழைய பொத்தான் கைபேசியில் இட்டிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும். வாடிக்கையாளருக்கு அன்றாடம் அறிவுரை கூறும் நமக்கு அந்த எளிய யோசனை தோன்றவே இல்லை. "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்று நம் முன்னோர் சொன்னது கோபக்காரர்களுக்கு மட்டும் அன்று போலும்.

இது சிரித்துக் கடக்கத்தக்க இழப்பு. அவ்வாறு கடக்க முடியாத இழப்பொன்றையும் அதே கிளையில் கண்டோம். இக்கட்டுரைக்குக் காரணம் அதுவே.

தச்சர் ஒருவர் கேட்ட கேள்வி

கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்து தில்லிக்கு வந்து தச்சுவேலை செய்துவந்த ஒருவர் நம் கிளையின் வாடிக்கையாளர். ஒப்பந்ததாரர் அவரது கூலியைக் கணக்கில் வரவு வைப்பார். அவர் கைபேசி மூலம் ஊரிலுள்ள மனைவிக்கு அனுப்புவார். ஒரு மழை நாளில் அவருடைய கைபேசி நீரில் மூழ்கிப் பாழாயிற்று. புதிதாக வாங்கினால் 9,000 ரூபாய் ஆகும் கைபேசியை, பழையது என்ற பெயரில் 4,000 ரூபாய்க்கு ஒருவரிடம் வாங்கினார். ரசீது இல்லை, பெட்டி இல்லை, மின்னேற்றியும் இல்லை. பாதிக்கும் குறைந்த விலையல்லவா என்று மகிழ்ந்தார்.

இருபது நாள்கள் கழித்து அந்தக் கைபேசியில் சைகை மறைந்தது. ரீசார்ஜ் முடிந்துவிட்டது போலும் என்று எண்ணி மீண்டும் பணம் கட்டினார். பயனில்லை. பிறகுதான் தெரிந்தது, அது களவு போன கைபேசி என்பதும், உரியவர் புகாரளித்து அதனை முடக்கிவிட்டார் என்பதும். காவல் நிலையத்தில் கைபேசியை ஒப்படைத்தார். 4,000 ரூபாய் போயிற்று. இரண்டு நாள் கூலி போயிற்று. அந்த வாரம் ஊருக்குப் பணம் செல்லவில்லை. கிளைக்கு வந்து நம் முன்னே அமர்ந்தவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "சாகிப், நான் பணம் கொடுத்துத்தானே வாங்கினேன்?"

ஆம், பணம் கொடுத்துத்தான் வாங்கினார். ஆனால் விற்றவருக்கே உரிமையில்லாத பொருளில், வாங்கியவருக்கு உரிமை எங்கிருந்து வரும்? களவுப் பொருள் என்று அறிந்து வாங்கினால் அது குற்றம். அறியாமல் வாங்கினாலும் பொருள் உரியவருக்கே திரும்பும். சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்க, அதை அவருக்கு எடுத்துச் சொல்ல நமக்கு நா எழவில்லை.

சிக்கனம் குற்றமன்று

இந்த நிகழ்ச்சியைக் கேட்டவுடன், "மலிவைத் தேடிச் சென்றதால் வந்த வினை" என்று தீர்ப்பளிக்கச் சிலர் முற்படுவர். அக்கருத்தை நாம் ஏற்கவில்லை. வருமானம் குறைந்தவர் விலை குறைந்த பொருளைத் தேடுவது அறிவுடைமை. சிக்கனத்தை வாழ்வின் ஒழுக்கமாகக் கொண்டவர்களே வங்கிகளின் வைப்புத் தொகையைப் பெருக்கியவர்கள். அவர்களைப் பார்த்து, "ஏன் மலிவானதை வாங்கினீர்கள்?" என்று கேட்க வங்கி அலுவலர்களாகிய எங்களுக்கு உரிமையில்லை.

வட இந்தியாவில் ஒரு பழமொழி வழங்குகிறது: "மஹங்கா ரோயே ஏக் பார், சஸ்தா ரோயே பார் பார்." விலை கூடியதை வாங்கியவன் ஒருமுறை அழுவான், மலிவானதை வாங்கியவன் மீண்டும் மீண்டும் அழுவான் என்பது இதன் பொருள். கேட்பதற்கு இனிது. ஆனால் இதனை மிகுதியாக எடுத்துரைப்பவர்கள் விலை கூடிய பொருளை விற்பவர்களே என்பதையும் கவனித்திருக்கிறோம். இப்பழமொழி பாதி உண்மையே. ஒரு சிறிய கணக்கு இதனை விளக்கும்.

மூன்று கைபேசிகளை எடுத்துக்கொள்வோம். முதலாவதன் விலை 7,200 ரூபாய். பாதுகாப்பாக 18 மாதங்கள் பயன்படும் என்று கொள்வோம். இரண்டாவதன் விலை 10,800 ரூபாய். 36 மாதங்கள் பயன்படும். மூன்றாவதன் விலை 36,000 ரூபாய். 48 மாதங்கள் பயன்படும். மாதச் செலவாக வகுத்துப் பார்த்தால் முதலாவதற்கு 400 ரூபாய், இரண்டாவதற்கு 300 ரூபாய், மூன்றாவதற்கு 750 ரூபாய். மிக மலிவானதும் மலிவன்று. மிக விலையுயர்ந்ததும் சிக்கனமன்று. ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "என்ன விலை?" என்பதன்று, "எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடைக்கும்?" என்பதே.

இக்கேள்வி ஏன் இத்துணை முதன்மையானது? கைபேசியின் தன்மையே மாறிவிட்டது என்பதால்தான். 2016-ஆம் ஆண்டில் யூபிஐ அறிமுகமானபோது கைபேசி பெரும்பாலோர்க்குப் பேசுவதற்கான கருவி. இன்று அதுவே பணப்பை, அதுவே கணக்குப் புத்தகம், அதுவே காசோலை. பணப்பையின் தையல் பிரிந்தால் கண்ணுக்குத் தெரியும். கைபேசியின் மென்பொருளில் விழுந்த ஓட்டை தெரிவதில்லை. அந்த ஓட்டையை அடைப்பதே பாதுகாப்புப் புதுப்பிப்பு. தயாரிப்பாளர் அதனை நிறுத்திய பிறகும் கைபேசி ஒளிரும், பேசும், படம் காட்டும். ஆனால் புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகள் அடைபடாமலே நிற்கும். இறுதியாக வந்த பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதியை ஆண்ட்ராய்டுக் கைபேசியின் அமைப்புகள் பகுதியிலேயே காணலாம். அத்தேதி ஓரிரு ஆண்டுகளுக்கு முந்தையதாயின், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதனை வங்கிப் பயன்பாட்டுக்குக் கொள்ளாதிருப்பதே நன்று.

வாங்குமுன் செய்ய வேண்டிய ஐந்து நிமிடச் சோதனை

தச்சரின் இழப்பைத் தவிர்த்திருக்க முடியுமா? முடியும், அதற்கு ஐந்து நிமிடம் போதும். ஒவ்வொரு கைபேசிக்கும் 15 இலக்கங்கள் கொண்ட ஐஎம்இஐ என்னும் அடையாள எண் உண்டு. இரண்டு சிம் அட்டைகள் இடத்தக்க கைபேசியில் இத்தகைய எண்கள் இரண்டு இருக்கும். *#06# என்று அழுத்தினால் அவ்வெண் திரையில் தோன்றும். பெட்டியின் மீதும் ரசீதிலும் உள்ள எண் இதனோடு ஒத்திருக்க வேண்டும். பின்னர் கே, ஒய், எம் என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளையும், ஓர் இடைவெளி விட்டு அந்த 15 இலக்க எண்ணையும் தட்டச்சு செய்து 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அக்கைபேசியைப் பற்றிய விவரம் பதிலாக வரும். தடைப்பட்டியலில் உள்ளது என்றோ, போலி எண் என்றோ, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள எண் என்றோ பதில் வந்தால் அதனை வாங்கக் கூடாது. நடுவண் அரசின் தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதத்தில் தொடங்கிய சஞ்சார் சாத்தி இணையதளத்திலும் இச்சோதனையைச் செய்யலாம். களவு போன கைபேசியை நாடெங்கிலும் முடக்கக் கோருவதும் அதே தளத்தின் வழியாகத்தான்.

"எண்ணையே மாற்றித் தருகிறோம், எவரும் கண்டுபிடிக்க முடியாது" என்று கூறுவாரும் உளர். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி இவ்வடையாள எண்ணைத் திருத்துவது மூன்றாண்டுகள் வரை சிறையும், 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். சில ஆயிரம் ரூபாய் மிச்சத்துக்காக அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கலாகாது.

அடுத்தது ரசீது. "பில் வேண்டாமென்றால் 500 ரூபாய் குறைத்துத் தருகிறேன்" என்ற குரலைக் கேளாத நகரம் இந்தியாவில் இல்லை. கைபேசிக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடு. 10,000 ரூபாய் விலையில் ஏறத்தாழ 1,525 ரூபாய் வரியாகும். ரசீதைத் தவிர்க்கும் கடைக்காரர் நமக்குத் தருவது 500 ரூபாய். நாம் விட்டுக்கொடுப்பதோ உத்தரவாதம், பழுதானால் கேட்கும் உரிமை, களவு போனால் நமதென்று நிறுவும் சான்று ஆகிய மூன்றும். ரசீதுள்ளவர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்து முறையிடலாம். ரசீதில்லாதவரின் முறையீட்டுக்கு அடித்தளமே இராது.

பழைய கைபேசி வாங்குவது தவறன்று. நல்ல நிறுவனத்தின் ஈராண்டுப் பழைய கைபேசி, பெயர் தெரியாத புதிய கைபேசியைக் காட்டிலும் பல வேளைகளில் மேலானது. ஆனால் ரசீதுடன், எழுத்து மூலமான உத்தரவாதத்துடன் விற்கும் இடத்தில் வாங்க வேண்டும். வாங்கிய பின், சிம் அட்டையை இடுவதற்கு முன்பே, தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைக்கும் வசதியைப் பயன்படுத்தி அதனை முற்றிலும் துடைத்துவிட வேண்டும். முந்தையவர் விட்டுச் சென்ற செயலிகளுள் எது நண்பன், எது ஒற்றன் என்று நம்மால் அறிய இயலாது. புதிய கைபேசியாயின், இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு எண் பெட்டியிலோ கருவியிலோ இருக்க வேண்டும். அந்த அமைப்பின் பிஐஎஸ் கேர் என்னும் செயலியில் அவ்வெண்ணைச் சரிபார்க்கலாம்.

20,000 ரூபாய்க் கைபேசி 2,000 ரூபாய்க்கு என்று வரும் விளம்பரங்களைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் மனத்தில் பதித்தால் போதும்: பணம் பெறுவதற்கு யூபிஐ ரகசிய எண்ணை இடத் தேவையே இல்லை. "பணத்தைத் திருப்பித் தருகிறோம், ரகசிய எண்ணை இடுங்கள்" என்று எவரேனும் கூறினால், அவர் எடுப்பதற்காகவே வந்தவர்.

வட்டியில்லாத் தவணை என்னும் மாயம்

மலிவைத் தேடுவோரை ஈர்க்கும் மற்றொன்று, கூடுதல் செலவில்லாத் தவணை என்ற அறிவிப்பு. வட்டியே இல்லாத கடன் என்பது உண்மையில் இல்லை என்பதை இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை வாயிலாக உணர்த்தியது. அப்படியாயின் இத்தவணைகள் இயங்குவது எவ்வாறு?

12,000 ரூபாய் விலையுள்ள கைபேசியை மாதம் 2,000 ரூபாய் வீதம் ஆறு தவணைகளில் வாங்குகிறோம் என்று கொள்வோம். கடன் அட்டை வழங்கிய வங்கியின் வட்டி ஆண்டுக்கு 15 விழுக்காடு எனில், அந்த ஆறு தவணைகளில் ஏறத்தாழ 508 ரூபாய் வட்டி அடங்கியிருக்கும். விற்பவர் அந்த 508 ரூபாயை முதலிலேயே விலையில் தள்ளிவிடுகிறார். ஆகவே நமக்கு வட்டி தெரிவதில்லை. ஆனால் அவ்வட்டியின் மீதான 18 விழுக்காடு வரி, சுமார் 91 ரூபாய், நம் கணக்கில்தான் ஏறும். செயலாக்கக் கட்டணம் 199 ரூபாய் எனில் வரியுடன் 235 ரூபாய். ஆக 326 ரூபாய் கூடுதல். ரொக்கமாக வாங்குவோர்க்குத் தள்ளுபடி ஏதேனும் இருந்தால் அதனையும் இழந்தோம்.

இது பெருந்தொகையன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். அவசரத் தேவைக்குத் தவணையில் வாங்குவதில் தவறும் இல்லை. ஆனால் மாதம் 2,000 ரூபாய்தானே என்ற எண்ணம், 12,000 ரூபாய்க் கைபேசி போதுமானவரை 24,000 ரூபாய்க் கைபேசிக்கு இட்டுச் செல்கிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஒரு தவணை தவறினால் வரும் அபராதமும் வட்டியும், பேரம் பேசிப் பெற்ற எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் கரைத்துவிடும்.

கைபேசி உடையும் என்பது எதிர்பாராத நிகழ்ச்சியன்று. எப்போது என்பதுதான் தெரியாது. இரண்டாவது கைபேசியின் மாதச் செலவு 300 ரூபாய் என்று மேலே கண்டோம். புதிய கைபேசி கைக்கு வந்த மாதத்திலிருந்தே அந்த 300 ரூபாயை ஒரு தொடர் வைப்பில் இட்டு வந்தால், மூன்றாண்டுகளில் வட்டியுடன் அடுத்த கைபேசிக்கான தொகை தயாராயிருக்கும். அப்போது கடைத்தெருவில் நாம் அவசரக்காரராக நிற்க மாட்டோம். அவசரமில்லாத வாங்குபவருக்குத்தான் பேரத்தில் வலிமை உண்டு.

மாற்றும் நாளில் கவனம்

மாற்றுக் கைபேசி வாங்கியபின் வரும் முதல் இரண்டு நாள்களே மிகுந்த கவனத்துக்குரியவை. புதிய கருவியில் யூபிஐ செயலியைப் பதிவு செய்யும்போது, வங்கியில் பதிவான எண்ணின் சிம் அட்டை அக்கருவியிலேயே இருக்க வேண்டும். அதிலிருந்து செல்லும் குறுஞ்செய்தியே உங்களை உறுதிப்படுத்துகிறது. கருவியை மாற்றிய முதல் 24 மணி நேரத்துக்குப் பணம் அனுப்பும் வரம்பு குறைத்து வைக்கப்படும். சிம் அட்டையையே புதிதாகப் பெற்றிருந்தால், முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வசதி நிறுத்தி வைக்கப்படும். மோசடிக்காரர் உங்கள் எண்ணைக் கைப்பற்றினால் உடனே பணத்தை எடுத்துவிடாதிருப்பதற்காகவே இத்தடைகள். ஆகவே கட்டணம் செலுத்த வேண்டிய இறுதி நாளில் கைபேசியை மாற்றாதீர்கள். அனுபவத்தில் சொல்கிறோம்.

பழைய கைபேசியை மாற்றுத் திட்டத்தில் கொடுப்பவர்கள், அதிலுள்ள வங்கிச் செயலிகளிலிருந்து வெளியேறி, பதிவை நீக்கி, பின்னர் முழுவதுமாகத் துடைத்துத் தர வேண்டும். சில நூறு ரூபாய் மதிப்புள்ள பழைய கைபேசியுடன் பல்லாண்டுச் சேமிப்பின் திறவுகோலையும் சேர்த்துக் கொடுத்துவிடக் கூடாது. திரை உடைந்து துடைக்க முடியாத நிலையில் இருந்தால், முதலில் வங்கிக்குத் தெரிவித்து அக்கருவியின் பதிவை நீக்கச் செய்யுங்கள்.

இத்தனைக்கும் மேல் ஏதேனும் தவறு நேர்ந்தால் காலம்தான் பணம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின் அடிப்படைக் கருத்து இதுவே: வங்கியின் தவறும் இன்றி, வாடிக்கையாளரின் தவறும் இன்றி நேர்ந்த மோசடியை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை, தாமதம் ஏற ஏறப் பொறுப்பு கூடும். ரகசிய எண்ணைப் பகிர்ந்தது போன்ற கவனக்குறைவாயின், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நேரும் இழப்பு வாடிக்கையாளரைச் சாரும். எதுவாயினும், வங்கிக்கும் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே தெரிவிப்பதே பணத்தை மீட்கும் வாய்ப்பைப் பெருக்கும்.

வங்கிகளுக்கும் ஒரு சொல்

இதுவரை வாடிக்கையாளருக்கே அறிவுரை கூறினோம். அது மட்டும் நியாயமாகாது. வங்கியைக் கைபேசிக்குள் வைத்தவர் தச்சரல்லர், நாங்கள்தான். வரிசையில் நின்றவரை, "கைபேசியிலேயே செய்துகொள்ளலாமே" என்று அனுப்பி வைத்ததும் நாங்கள்தான். அவ்வாறு அனுப்பியபின், பாதுகாப்பான கைபேசி வாங்க இயலாதவரை அவர் பாட்டுக்கு விட்டுவிடுவது முறையன்று.

எமது கருத்து வெளிப்படையானது. பாதுகாப்பான திறன்பேசியை வாங்க இப்போது வழியில்லையெனில், ஐயத்துக்குரிய மலிவுத் திறன்பேசியைக் காட்டிலும் ரசீதுடன் வாங்கிய எளிய பொத்தான் கைபேசியே மேல். கணக்கில் வரவு வந்தால் அதில் குறுஞ்செய்தி வரும். 2022 மார்ச்சில் தொடங்கப்பெற்ற யூபிஐ 123பே சேவையின் வழியாக, இணையமில்லாப் பொத்தான் கைபேசியிலிருந்தும் அழைப்பின் மூலம் பணம் அனுப்பலாம். *99# சேவையும் உண்டு. அருகிலுள்ள வங்கி முகவரிடம் ஆதார் விரல்ரேகை வைத்துப் பணம் எடுக்கலாம். இவற்றைப் பயன்படுத்துவோரை இரண்டாந்தர வாடிக்கையாளராகக் கருதும் மனப்போக்கு கிளைகளில் எங்கேனும் இருந்தால், அது முதலில் நீங்க வேண்டும். கைபேசி உடைந்து வரும் வாடிக்கையாளருக்கு அன்றே வழிகாட்டி, மறுபதிவைச் செய்து தருவதற்கென ஒரு மேசை ஒவ்வொரு கிளையிலும் இருப்பது நலம். அவர் அவசரத்தில் தவறான கைபேசியை வாங்குவதைத் தடுக்க அதைவிடச் சிறந்த வழியில்லை.

தச்சரின் செய்தியைச் சொல்லி முடிக்கிறோம். அன்று அவருக்கு நம்மால் செய்ய இயன்றது சிறிதே. அவரிடமிருந்து போன கைபேசி வழியாகக் கணக்கை எவரும் அணுகாதபடி அக்கருவியின் பதிவை நீக்கினோம். மறுநாள் அவர் பொத்தான் கைபேசி ஒன்றை வாங்கிவந்து, சிம் அட்டையை இட்டார். மனைவிக்குப் பணம் அனுப்பும் முறையை நம் கிளையின் இளம் எழுத்தர் ஒருவர் இருமுறை செய்துகாட்டினார். மாதம் 1,000 ரூபாய் வீதம் ஒரு தொடர் வைப்பும் தொடங்கினார்.

ஏறத்தாழ ஓராண்டு கழித்து அவர் மீண்டும் வந்தார். சட்டைப் பையிலிருந்து புதிய கைபேசியை எடுத்துக் காட்டுவார் என எதிர்பார்த்தோம். அவர் முதலில் எடுத்துக் காட்டியது நான்காக மடித்து வைத்திருந்த ரசீதை. அதிலிருந்த 15 இலக்க எண்ணின் கீழே பேனாவால் கோடிட்டிருந்தார். "சரிபார்த்துவிட்டேன், சாகிப்" என்றார். எவ்வளவு குறைத்து வாங்கினீர்கள் என்று கேட்டோம். "முந்நூறு" என்று சொல்லிச் சிரித்தார்.

நமது 40 ரூபாயை விட அது மிகப் பெரிய இலாபம்.